கற்றுக்கொடுத்த அக்காவிடம் குறையைச் சொல்வது எப்படி?

கேள்வி:

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 29. டிப்ளோமா முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்து, இந்த வருடத் தொடக்கத்தில் லைன் லீடர் ஆனேன். என் லைனில் ஓர் அக்கா இருக்கிறார். 24 வருட சர்வீஸ். நான் புதிதாக வந்தபோது மெஷினைத் தொடவே பயப்படுவேன். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் ஷிப்ட் முடியும்போது எழுத வேண்டிய ஹேண்டோவர் குறிப்பை ஒழுங்காக எழுதுவதில்லை. 'ஓகே' என்று ஒரே சொல்தான். இரவு ஷிப்ட் ஆட்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். நேரில் சொல்லத் தயங்கி, போன மாதம் லைன் வாட்ஸ்அப் குழுவில் 'ப்ளீஸ் மேக் ஷூர் ஹேண்டோவர் இஸ் கம்ப்ளீட், நோ மோர் எக்ஸ்கியூசஸ்' என்று பெயர் போடாமல் எழுதினேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. இருவரும் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து ஒரே பேக்டரி பஸ்ஸில் வருகிறோம். எனக்கு இடம் பிடித்து வைப்பவர், இப்போது பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சூப்பர்வைசர், 'பேசாம மெமோ குடுத்திரு' என்கிறார். எனக்குக் குறிப்பும் ஒழுங்காக வேண்டும், அக்காவும் வேண்டும். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பிறை

பதில்:

தங்கைக்கு வணக்கம்.

அந்தப் பையிலிருந்தே தொடங்குகிறேன். குறை சொன்னதற்காக அக்கா கோபித்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் போடாவிட்டாலும், அது யாரைப் பற்றி என்று குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். இத்தனை வருடம் 'வாங்கக்கா, பசியாறிட்டீங்களாக்கா' என்று தமிழில் பேசிய பிள்ளை, இதை மட்டும் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறது. பினாங்குப் பாலம் தாண்டி வருகிற அந்த நேரம் முழுக்க பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள், ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லவில்லை. சீட்டில் பையை வைப்பது அதற்கான பதில்.

ஆகவே முதல் வேலை மன்னிப்புக் கேட்பது. குறிப்பைப் பற்றிப் பேசியதற்காக அல்ல, குழுவில் எழுதியதற்காக. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'அக்கா, அதை நான் உங்ககிட்ட நேரா வந்து சொல்லியிருக்கணும். குரூப்புல போட்டது என் தப்பு.' இவ்வளவு போதும். இதற்குப் பிறகு 'ஆனா நீங்களும்...' என்று ஒரு வார்த்தை வந்தால் கேட்ட மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். குறிப்பு விஷயத்தை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மூன்று நான்கு நாள் போகட்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், ஏசுவதற்காகத்தான் முதலில் குழைந்து பேசினாள் என்று அக்கா நினைப்பார். குழுவில் இன்னொரு செய்தி போட்டுச் சமாதானம் செய்யவும் வேண்டாம். மறந்துபோனவர்களுக்கும் அது ஞாபகப்படுத்திவிடும்.

இப்போது குறிப்பு விஷயத்துக்கு வருவோம். நம் பேச்சுத் தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இல்லை என்பதைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். எழுத்தில் 'பின்னூட்டம்' என்று ஒன்று இருக்கிறது. எந்த லைனிலும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் புழங்குவதெல்லாம் ஏசுவது, குறை சொல்வது, புத்தி சொல்வது. ஏசுவது மேலேயிருப்பவர் கீழேயிருப்பவரை. புத்தி சொல்வது பெரியவர் சின்னவருக்கு. சின்னவர் பெரியவரிடம், மரியாதை குறையாமல், 'இந்த இடம் சரியில்லை' என்று சொல்வதற்கு நம்மிடம் பேரே இல்லை. அதனால் அப்படி ஒன்றைச் செய்யவே கூடாது என்பது போல வளர்ந்துவிட்டோம். மலாயில் 'தெகுர்' என்பார்கள். ஒருவரைக் கண்டதும் பேச்சுக் கொடுப்பதும் தெகுர்தான், தவறைச் சுட்டிக்காட்டுவதும் தெகுர்தான். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். உங்களுக்கும் அக்காவுக்கும் இந்த ஒரு மாதமாக முதல் தெகுரே நின்றுபோயிருக்கிறது. அது திரும்ப வராமல் இரண்டாவதற்கு வழியில்லை.

சொல்லிவிட்டால் வேலை தானாகத் திருந்திவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1996இல் க்ளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றி ஒருவருக்குக் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, 600க்கும் மேற்பட்ட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் வேலை மேம்பட்டிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. அவர்கள் கொடுத்த விளக்கம் எனக்கு லைனில் நின்று பார்த்தது போலவே இருந்தது: சொல்கிற சொல் கேட்பவருடைய கவனத்தை வேலையிலிருந்து எடுத்து 'நான் எப்படிப்பட்டவள்' என்ற பக்கம் திருப்பிவிட்டால், அதன்பிறகு வேலையில் மனம் நிற்பதில்லை. 'நோ மோர் எக்ஸ்கியூசஸ்' என்று படித்த அக்கா அன்றைக்கு மெஷினையா நினைத்திருப்பார்? 'நான் சாக்குச் சொல்றவளா?' என்பதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

நான் பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கண்டதைச் சொல்லுங்கள், கண்டதற்குப் பேர் வைக்காதீர்கள். அலட்சியம், பொறுப்பில்லை, சாக்கு, மெத்தனம், இவையெல்லாம் நாம் வைக்கிற பேர்கள். நாம் கண்டது புத்தகத்தில் இருந்த 'ஓகே' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

உங்களுடையது என்ன லைன் என்று நீங்கள் எழுதவில்லை. நான் அதிகம் பழகிய கம்பி பிணைக்கிற லைனை எடுத்துக்கொள்கிறேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மெஷின் சில்லில் வைத்துத் தைத்துக்கொண்டே போகும். கம்பி நுழைந்து வருகிற பீங்கான் முனைக்கு கேப்பிலரி என்று பேர். அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு கம்பியை இழுத்துப் பார்த்து, பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சாயந்திரம் ஐந்தரைக்கு அக்கா ஏழாம் மெஷினில் கேப்பிலரியை மாற்றுகிறார், சோதனையும் செய்கிறார், எல்லாம் சரி. புத்தகத்தில் 'ஓகே' என்று எழுதிவிட்டுப் போகிறார். இரவு ஷிப்டில் வருகிற பிள்ளைக்கு முனை புதியது என்பது தெரிகிறது, சோதனை நடந்ததா என்பது தெரியவில்லை. பயந்துபோய் மூன்று லாட்டை, அதாவது மூன்று தொகுதிச் சரக்கை, மேலே போகவிடாமல் ஹோல்டில் போட்டுவிடுகிறாள். இப்படி ஒரு நாளை, ஒரே ஒரு நாளை, தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் சொல்லுங்கள்:

'அக்கா, செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர்ல கேப்பிலரி மாத்துனீங்க. புத்தகத்துல ஓகேன்னு மட்டும் இருந்துச்சு. டெஸ்ட் பண்ணியாச்சான்னு ராத்திரி ஆளுங்களுக்குத் தெரியல, மூணு லாட்ட ஹோல்ட் போட்டுட்டாங்க. காலைல வரைக்கும் அது அப்படியே நின்னுச்சு. எழுதுறதுல ஏதும் சிரமம் இருக்காக்கா?'

அப்புறம் பேசாமல் இருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பகுதி. அந்த அமைதி தாங்காமல் நாமே 'இல்லக்கா, பெரிய விஷயமில்ல, மத்தவங்களும் அப்படித்தான்' என்று வழிந்து, சொன்னதையெல்லாம் அழித்துவிடுவோம். பத்து வினாடியானாலும் அரை நிமிடமானாலும் அவர் பேசும் வரை காத்திருங்கள்.

'எப்போதும்', 'எத்தனை தடவை' என்பவை அந்தப் பேச்சில் வரவே கூடாது. 'நீங்க எப்பவுமே எழுதுறதில்ல' என்று சொன்னால், எழுதிய நாளைத் தேடி எடுத்துக் காட்டுவார், பேச்சு அங்கே போய்விடும். இன்னொன்று: 'டெஸ்ட் விவரத்தை விட்டுட்டீங்க' என்பதற்கும் 'டெஸ்ட் விவரம் விட்டுப்போச்சு' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். இரண்டாவது கேட்பவரைக் கூண்டில் நிறுத்துவதில்லை. முதல் பேச்சுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா வரியிலும் விட்டுப்போச்சு, நின்னுபோச்சு என்று போனால், யாருமே செய்யாமல் தானாக நடந்தது போலாகி, அவர் 'ஆமா பாவம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் மேலே 'மாத்துனீங்க' என்பதை நேராகவே வைத்தேன்.

பேச்சு முழுக்கத் தமிழில் இருக்கட்டும். 'அக்கா' என்று கூப்பிடுவதை ஒருபோதும் விடாதீர்கள். லைன் லீடர் ஆனதும் பேர் சொல்லி, ஆங்கிலத்தில் பேசினால்தான் அதிகாரம் நிற்கும் என்று சில பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தினமும் தமிழில் பேசுகிறவர் குறை சொல்லும்போது மட்டும் மொழி மாறினால், வாசலில் நிற்கவைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும்.

'எழுதுறதுல ஏதும் சிரமம் இருக்கா' என்று நான் சேர்த்தது மரியாதைக்காக அல்ல. அதற்கு ஒரு காரணம் உண்டு.

பல வருடத்துக்கு முன் நான் மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு தொழிற்சாலையில், ஸ்டோரில் ஓர் அண்ணன் இருந்தார். காகிதப் புத்தகத்தை எடுத்துவிட்டுக் கணினியில் பதியச் சொன்ன வருடம் அது. அவர் பதியவே மாட்டார், பதிந்தாலும் பாதிதான். கூட்டங்களில் அவரைச் சோம்பேறி என்றே பேசினோம். ஆண்டு மதிப்பீட்டில் 'பொறுப்புணர்வு குறைவு' என்று நானே என் கையால் எழுதினேன். அதைப் படித்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் மதியம் வேறு வேலையாக ஸ்டோருக்குப் போனேன். திரைக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார். கணினிப் பலகைக்குப் பக்கத்தில், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். பென்சிலில் குழந்தைக் கையெழுத்து: ரிசீவ்ட் என்றால் வந்தது, இஷ்யூட் என்றால் கொடுத்தது, பேலன்ஸ் என்றால் மீதி. 'மக எழுதிக் குடுத்துச்சு' என்றார்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், மலாய் இடைநிலைப்பள்ளியில் மூன்று வருடம், அதோடு வேலைக்கு வந்தவர் அவர். பழைய புத்தகத்தில் மலாயில் மணி மணியாக எழுதிக்கொண்டிருந்தவர்தான். அந்தக் கணினியில் மொழியை மலாய்க்கு மாற்றுகிற வசதி இருந்தது. ஐந்து நிமிட வேலை. எங்களில் யாரும் எட்டு மாதமாக அவரிடம் 'என்ன சிரமம்ண்ணே?' என்று கேட்கவில்லை. நான் எழுதிய அந்த வரி அவருடைய கோப்பிலேயே இருந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

உங்கள் அக்காவுக்கு இதே காரணம்தான் என்று சொல்ல வரவில்லை. ஷிப்ட் முடிந்து உடை மாற்றி லாக்கரைப் பூட்டி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் எழுத நேரம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் கடைசி அரை மணியை மாற்றி அமைக்க வேண்டியது லைன் லீடராகிய நீங்கள். எழுதியதை யாரும் படிப்பதில்லை என்று முன்பு எப்போதோ தோன்றி விட்டுவிட்டிருக்கலாம். கண்ணாடி மாற்ற வேண்டிய நேரமாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

எங்கே, எப்போது பேசுவது? கேன்டீனில் வேண்டாம். சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன பேசினாலும் வெளியே ஒரு கதை தயாராகிவிடும். பஸ்ஸிலும் வேண்டாம், அவர் எழுந்து போக முடியாது. ஷிப்ட் முடிகிற களைப்பிலும் வேண்டாம். ஷிப்ட் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மெஷினுக்குப் பக்கத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இருவரும் அதைப் பார்த்தபடி நின்று பேசுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பார்க்கும்போது பேச்சு எவ்வளவு எளிதாகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு என்று ஒரு 'சேண்ட்விச்' முறையை உங்களுக்கும் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள். விட்டுவிடுங்கள். 'அக்கா நீங்க நல்லா வேலை செய்றீங்க' என்று தொடங்கினாலே அடுத்து வரப்போகிற 'ஆனா'வுக்காக அவர் காத்திருப்பார். அப்புறம் உண்மையாகப் பாராட்டுகிற நாளிலும் அந்த 'ஆனா'வைத் தேடுவார். பாராட்டு தனியாக, அதற்குரிய நாளில், குறையைச் சொன்னது போலவே விவரத்தோடு வரட்டும். அவர் முதல் தடவை முழுதாக எழுதிய மறுநாளே போய்ச் சொல்லுங்கள்: 'நேத்து நீங்க எழுதி வச்சதைப் பார்த்து ராத்திரி ஆளுங்க ஒரு போன் கூட பண்ணலக்கா.' 'வெரி குட்' என்பதைவிட இது பல நாள் நிற்கும்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் தொட வேண்டியிருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய நாளிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் அங்கே மெஷினில் உட்கார்ந்தே தலை நரைத்திருக்கிறார்கள். பல இடங்களில் லைன் லீடர் வேலைக்கு டிப்ளோமா கேட்கத் தொடங்கியபோது, அனுபவம் மட்டும் வைத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். 24 வருடம் வேலை செய்தவர், தான் மெஷின் கற்றுக்கொடுத்த பிள்ளை தனக்கு லீடராக வந்ததை எப்படி எடுத்துக்கொண்டார் என்று நீங்கள் யோசித்திருப்பீர்களா என்று தெரியவில்லை. உங்களைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கலாம். உள்ளுக்குள் நொந்தும் இருக்கலாம். இரண்டும் ஒரே மனதில் இருக்கும், அதில் தப்பில்லை. இதை அவரிடம் பேச வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்னதும் 'நீ எனக்குச் சொல்றியா?' என்று அவர் வெடித்தால், அது எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது வாதாடாதீர்கள். 'நான்தான் லீடர்' என்பது நாக்கு நுனிக்கு வந்தாலும் விழுங்கிவிடுங்கள். 'எனக்கும் சொல்ல கஷ்டமாத்தான்க்கா இருக்கு' என்று உண்மையைச் சொல்லிவிட்டு, ஏழாம் மெஷினுக்கே திரும்புங்கள். அழுதுவிட்டாலோ, எழுந்து போனாலோ, பின்னாலேயே போகாதீர்கள். 'நாளைக்குப் பேசலாம்க்கா' என்று சொல்லுங்கள், மறுநாள் கட்டாயம் பேசுங்கள். பேசாமல் விட்டால், கோபித்துக்கொண்டால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்பதுதான் இருவருக்கும் பாடமாகிவிடும்.

மெமோவைப் பற்றி. உங்கள் சூப்பர்வைசருக்கு இந்த விஷயம் தெரிந்தே இருக்க வேண்டும், ஆனாலும் நீங்கள் தயக்கமில்லாமல் சொல்லலாம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒழுங்கீனத்துக்காக ஒருவர்மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. அக்காவுடையது ஒழுங்கீனமே அல்ல, வேலையில் ஒரு குறை. வேலைக் குறை காரணமாக ஒருவரை நீக்கி, அது தொழிலியல் நீதிமன்றம் வரை போனால், அங்கே முதலில் பார்ப்பது என்ன? குறை இன்னதென்று அவரிடம் சொன்னார்களா, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தார்களா, அதற்குப் பிறகும் திருந்தவில்லையா என்பதைத்தான். வாட்ஸ்அப் குழுவில் போட்ட பெயரில்லாத ஒரு வரி, சொன்னதாக ஆகாது. ஆக, அன்பு என்று பார்த்தாலும் நடைமுறை என்று பார்த்தாலும், நேரில் பேசுவதற்கு முன் மெமோ கொடுப்பது தப்பு. 'எனக்கு மூன்று வாரம் கொடுங்கள், நான் பேசிவிட்டு வந்து சொல்கிறேன்' என்று கேளுங்கள். பேசிய தேதியையும், என்ன முடிவு செய்தீர்கள் என்பதையும் உங்கள் டைரியில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்குத் தெரியாமல் எழுத வேண்டாம். 'நாம பேசுனதை நான் மறந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சுக்கிறேன்க்கா' என்று அவர் எதிரிலேயே எழுதலாம். காரணம் தெரிந்து, உதவியும் செய்து, அவகாசமும் கொடுத்த பிறகும் 'ஓகே'தான் வருகிறது என்றால், அப்போது மெமோ கொடுங்கள். அதையும் முதலில் நேரில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, அந்த பஸ் சீட். பையை எடுக்கச் சொல்லாதீர்கள், இன்னும் கோபமா என்று கேட்காதீர்கள். ஏறியதும் எப்போதும் போல 'பசியாறிட்டீங்களாக்கா?' என்று கேட்டுவிட்டுப் பின் சீட்டில் போய் உட்காருங்கள். பதில் வராத நாளும் இருக்கும். மறுநாளும் கேளுங்கள். பையை எடுக்கிற நாளை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.